ஜாப் ஒர்க் யூனிட்டில் வரும் அபாயக் கழிவு எல்லாமே 35.3 என்ற எண்தானா? எது எந்த எண்ணில் வரும்?

பீளமேடு_பட்டறை:

வணக்கம்ங்க. கோவையில் ஆட்டோ உதிரிபாக யூனிட். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்கும் அபாயக் கழிவு அங்கீகாரம் புதுப்பிக்கிற நேரம். படிவம் 1 (அங்கீகார விண்ணப்பம்) தயார் பண்ணிக் கொடுத்தவர், எண்ணெய் எல்லாத்துக்கும் 5.1, மிச்சம் எல்லாத்துக்கும் 35.3 என்று இரண்டே வரியில் முடித்திருக்கிறார். 2016 அபாயக் கழிவு விதிகளின் அட்டவணை 1-ஐ (கழிவுகளின் எண் பட்டியல்) படித்தால் இது சரியாகப் படவில்லை.

எங்களிடம் வருவது இவை: சிஎன்சி-யில் தண்ணீரில் கலக்கும் கூலண்ட், மாதம் 400 லிட்டர். ஹைட்ராலிக் ஆயில் வருஷத்துக்கு மூன்று பேரல். கிரைண்டிங்கில் வரும் சேறு மாதம் 150 கிலோ. ஹீட் ட்ரீட்மெண்டில் ஒரு சயனைடு உப்பு பாத், ஒரு நைட்ரேட்-நைட்ரைட் உப்பு பாத். டிகிரீஸ் பண்ண ட்ரைகுளோரோஎத்திலீன். பிறகு பிக்லிங் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் துரு எடுப்பது), சயனைடு ஜிங்க் முலாம், ஹார்டு குரோம் முலாம், பாஸ்பேட்டிங். இடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்த கசடு, அதாவது கேக், மாதம் ஒரு டன். காட்டன் வேஸ்ட், காலி டிரம் தனி.

கேள்வி மூன்று. எதற்கு எந்த எண்? கேக்கை லேபில் கொடுத்து டிசிஎல்பி (அசிட்டிக் ஆசிட் திரவத்தில் விஷப்பொருள் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை) பாஸ் ஆகிவிட்டால் அபாயக் கழிவு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? செங்கல் சூளைக்காரர் ஒருவர் கேக்கை இலவசமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், கொடுக்கலாமா?

---

நொய்யல்கரை:

உங்கள் சந்தேகம் சரி. இரண்டு வரியில் அடங்காது.

அட்டவணை 1-இல் 38 செயல்முறைகள். புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண், கழிவு எந்தத் தொழிலில், எந்தச் செயல்முறையில் பிறந்தது என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் வருவது அந்தச் செயல்முறையின் எந்தக் கழிவு என்பது. அதனால் டிரம்முக்குள் எட்டிப்பார்த்து எண் போட முடியாது. இயந்திரத்திலிருந்து, தொட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு தொழிலில் இரண்டு எண் வாங்கும். உருக்காலையில் வரும் பழைய பிக்லிங் ஆசிட் 13.1. அதே ஆசிட் உங்களைப் போன்ற முலாம் பூசும் இடத்தில் 12.2. பயன்படுத்திய கரைப்பான் பொதுவாக 20.2, மருந்துத் தொழிற்சாலையில் வந்தால் 28.6. பயன்படுத்திய கார்பன் மருந்தில் 28.3, கரைப்பான் சுத்திகரிப்பில் 36.2.

இனி உங்கள் பட்டியல்.

ஹைட்ராலிக் ஆயில் 5.1. கூலண்ட் 5.3, ஏனென்றால் அது வெட்டும் எண்ணெய். இதை 5.1 பேரலில் ஊற்றவே கூடாது. கூலண்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அந்தப் பேரலை மறுசுத்திகரிப்பு ஆலை திருப்பி அனுப்பும், அதோடு நல்ல ஆயிலும் வீண். கூலண்டை நேராக இடிபி-க்கும் விடாதீர்கள். அதிலுள்ள, எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் எமல்சிஃபையர் ஹைட்ராக்சைடு கசடைப் படிய விடாது, பிரஸ் துணியின் கண்களையும் அடைத்துவிடும். தனித் தொட்டியில் ஆசிட் அல்லது படிகாரம் போட்டு எமல்ஷனை உடைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்த பிறகு கீழ்த் தண்ணீர் மட்டும் இடிபி-க்குப் போகட்டும். கிரைண்டிங் சேறு 5.2.

ட்ரைகுளோரோஎத்திலீன் 20.2. வடித்து மறுபடி உபயோகித்தால் அடியில் தங்கும் தார் போன்றது 20.3. இதுவும் எண்ணெய்ப் பேரலுக்குப் போகக்கூடாது. குளோரின் உள்ள கரைப்பான் கொஞ்சம் கலந்தாலே அந்தப் பேரலின் ஹாலஜன் அளவு ஏறிவிடும், எரிபொருளாகவும் எடுக்க மாட்டார்கள்.

பாஸ்பேட் தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் படிவது 12.5.

அதிகக் கவனம் வேண்டியது ஜிங்க், குரோம், உப்பு பாத் மூன்றும்.

சயனைடு ஜிங்க் கரைசலில் நாள்பட்டால் சோடியம் கார்பனேட் சேரும். குளிர்ந்த காலையில், அல்லது நீங்களே குளிரவைத்தால், வெள்ளைப் படிகமாக அடியில் உறையும். பார்க்கச் சலவை சோடா. ஆனால் ஒவ்வொரு படிகத்திலும் பாத் கரைசல் ஒட்டியிருக்கிறது, அதாவது சயனைடு. இது 12.3. பல இடங்களில் இதைச் 'சோடா' என்று ஆசிட் கழிவைச் சமன்படுத்தத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அங்கே எழும்புவது ஹைட்ரஜன் சயனைடு வாயு. ஆள் செத்துப்போவார்.

ஹார்டு குரோமில் ஈய ஆனோடு இருக்கும். குரோமிக் ஆசிட்டில் அது மெதுவாக ஈயக் குரோமேட்டாகி மஞ்சள் கசடாக அடியில் தங்கும். ஆறு இணைதிறன் குரோமியமும் (குரோமியத்தின் விஷம் கூடிய வடிவம்) ஈயமும் ஒரே கசடில் இருக்கிறது. இதுவும் 12.3. இதை இடிபி கேக்கோடு சேர்த்தால் மாதம் ஒரு டன் கேக்கும் அதன் குணத்தை வாங்கிவிடும். குரோம் புகையை இழுக்கும் ஸ்கிரப்பரின் கசடு 35.1.

ஹீட் ட்ரீட்மெண்டில் சயனைடு, நைட்ரேட், நைட்ரைட் உள்ள கசடு 14.1, பழசான உப்பு 14.2. எண் ஒன்று என்பதற்காக ஒரே டிரம்மில் போடக்கூடாது. சயனைடு உப்பும் நைட்ரேட்-நைட்ரைட் உப்பும் சூட்டில் சேர்ந்தால் வெடிக்கும். இரண்டுக்கும் தனி டிரம், தனிக் கரண்டி, நடுவில் சுவர். விதிப்புத்தகத்தின் எண், கழிவை எங்கே அனுப்புவது என்பதற்கு. எதை எதோடு சேர்க்கலாம் என்பதை வேதியியல்தான் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கிடங்கில் விபத்து நடக்கிறது.

கடைசியில் இடிபி கேக். கழுவுநீரைச் சுத்திகரித்து பிரஸ்ஸில் வரும் கேக் மட்டும்தான் 35.3. இடிபி-யின் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்தால் 35.4. காலி டிரம், ரசாயனம் வந்த லைனர் பை 33.1. காட்டன் வேஸ்ட் 33.2.

பழைய பேட்டரி, டியூப் லைட், கெட்டுப்போன கண்ட்ரோல் போர்டு எதையும் இந்தப் படிவத்தில் எழுதாதீர்கள். பேட்டரிக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022-இல் தனித்தனி விதிகள் வந்துவிட்டன.

---

குடுவை_மேசை:

லேப் பக்கத்திலிருந்து இரண்டாவது கேள்விக்கு.

அட்டவணை 1-இல் பெயர் இருந்தாலும், அட்டவணை 2-ஐ வைத்து 'இது அபாயக் கழிவு அல்ல' என்று நிரூபிக்க விதியில் இடம் உண்டு. ஆனால் 'டிசிஎல்பி பாஸ்' என்று ஒரு தாள் வாங்குவது அந்த நிரூபணம் ஆகாது. வாரியம் ஏற்றுக்கொண்டு எழுத்தில் தரும்வரை அது அபாயக் கழிவுதான்.

அட்டவணை 2-இல் மூன்று வகுப்பு. ஏ வகுப்பு, கழிவிலிருந்து நீரில் கசிந்து வரும் அளவு. பி வகுப்பு, கழிவுக்குள் இருக்கும் மொத்த அளவு. சி வகுப்பு, தீப்பிடிப்பது, அரிப்பது, வினைபுரிவது போன்ற குணங்கள். திரவத்தின் தீப்பற்று நிலை 60 டிகிரிக்குக் கீழே இருந்தாலும், பிஎச் 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே இருந்தாலும் உலோகம் எதுவும் பார்க்காமலே அபாயக் கழிவு. உங்கள் பிக்லிங் ஆசிட்டுக்கு வேறு சோதனையே தேவையில்லை.

முலாம் யூனிட்டுக்கு லேப் தரும் அறிக்கையில் பெரும்பாலும் எட்டு உலோகம் இருக்கும்: ஆர்செனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம், வெள்ளி. வரம்பு லிட்டருக்கு ஈயம் 5, குரோமியம் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2 மில்லிகிராம். அந்த எட்டில் ஜிங்க் எங்கே? நிக்கல், காப்பர் எங்கே? முலாம் கேக்கில் நிறைந்திருப்பதே அவைதான். அவை ஏ வகுப்பின் பின்பாதியில், ஏ62 முதல் ஏ79 வரையிலான வரிசையில் இருக்கின்றன. அவற்றுக்கு டிசிஎல்பி கிடையாது, கலிஃபோர்னியா முறையான 'வெட்' சோதனை: சிட்ரேட் கரைசல், பிஎச் 5, கழிவைப்போல் பத்து மடங்கு திரவம், 48 மணி நேரம். வரம்பு ஜிங்க் 250, காப்பர் 25, நிக்கல் 20. அசிட்டிக் ஆசிட்டைவிட சிட்ரேட் உலோகத்தை அதிகம் பிடித்து இழுக்கும். எட்டு உலோகத்தில் பாஸ் ஆன கேக், ஜிங்கில் தோற்பதை எதிர்பார்க்கலாம்.

ஆறு இணைதிறன் குரோமியம், சயனைடு, அம்மோனியா மூன்றுக்கும் அமிலக் கரைசல் பயன்படுத்தக்கூடாது, காய்ச்சி வடித்த நீரில்தான் கசியவிட வேண்டும் என்று அட்டவணையின் குறிப்பே சொல்கிறது. காரணம் எளிது. அமிலத்தில் சயனைடு வாயுவாகப் பறந்துவிடும், பிறகு குடுவையில் தேடினால் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். உங்கள் அறிக்கையில் சயனைடு சுழியம் என்றிருந்தால் எந்த நீரில் கசியவிட்டார்கள் என்று கேளுங்கள்.

டிசிஎல்பி-யில் இன்னொரு இடம் பார்க்க வேண்டும். 100 கிராம் மாதிரி, 9.5 மில்லிமீட்டருக்குள் உடைத்தது, இருபது மடங்கு திரவம், நிமிடத்துக்கு 30 சுற்று, 18 மணி நேரம். திரவம் இரண்டு வகை: ஒன்று பிஎச் 4.93, மற்றது 2.88. காரத்தன்மை கூடிய கழிவுக்கு இரண்டாவது. எதைப் போடுவது என்பதை 5 கிராம் மாதிரியை வைத்து முன்சோதனை செய்து முடிவு பண்ண வேண்டும். சுண்ணாம்பு போட்ட கேக்குக்கு முன்சோதனை இல்லாமல் முதல் திரவத்தை ஊற்றினால், சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும், உலோகம் வெளியே வராது. அறிக்கையில் எந்தத் திரவம், கடைசியில் பிஎச் எவ்வளவு என்ற இரண்டும் இல்லையென்றால் அந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். பிரஸ்ஸின் முதல் தட்டு, நடு, கடைசி என்று பல தட்டிலிருந்து, ஒரு வாரத்தின் வெவ்வேறு பேட்சிலிருந்து எடுத்துக் கலந்து, கால் பங்காகக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு கிலோ கொடுங்கள். பையின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் அது அன்றைக்கு ஓடிய பாத்தின் கதையைத்தான் சொல்லும்.

---

நொய்யல்கரை:

செங்கல் சூளைக்கு நேர் பதில்: கொடுக்கக்கூடாது. விதி 9-இன்படி அபாயக் கழிவை வேறொரு பொருளுக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்த, மத்திய வாரியத்தின் நடைமுறை வழிகாட்டுதல் இருக்க வேண்டும், எடுப்பவரிடம் மாநில வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். இலவசமா காசுக்கா என்பது பொருட்டே இல்லை. அங்கீகாரம் இல்லாதவரிடம் போனால் பொறுப்பு உங்கள் தலையில்.

விதியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் தவறு. உங்கள் கேக்கில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியமும் சுண்ணாம்பும். சூளையின் சூட்டில், காற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து அதை ஆறு இணைதிறனாக மாற்றும். தண்ணீரில் கரையாமல் இருந்தது கரையும் குரோமேட் ஆகிவிடும். மழை பட்டால் அந்தச் செங்கல் மஞ்சளாகக் கசியும்.

---

பாலாற்றங்கரை:

இடையில் ஒரு கேள்வி. தோல் பதனிடும் பக்கம் எல்லாவற்றையும் 30.1 என்று எழுதுகிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வரும் கழிவில் பாதி குரோமே படாதது. அதுவும் 30.1 தானா?

---

நொய்யல்கரை:

இல்லை. 30.1 என்பது குரோமியம் உள்ள எச்சமும் கசடும். கோடு எங்கே விழுகிறது என்றால், தோல், குரோம் உப்பில் பதனிடும் டிரம்முக்குள் போகும் இடத்தில். அதற்கு முன்னால் வருபவை உப்பு உதறியது, முடி, சுண்ணாம்பு போட்ட பிறகு சுரண்டிய சதை. இவற்றில் குரோம் இல்லை. சதையிலிருந்து பசை, எரிவாயு எடுக்கலாம். உப்புக்கு வேறு தலைவலி உண்டு, ஆனால் அது 30.1 அல்ல. குரோம் டிரம்முக்குப் பிறகு வரும் ஷேவிங் தூள், வெட்டுத்துண்டு, பஃபிங் தூசு எல்லாம் 30.1. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசாயனக் கசடு 35.3. ஃபினிஷிங்கில் தெளிக்கும் பூச்சின் மிச்சம் 21.1, தின்னர் 20.2. முழுக்கத் தாவரப் பதனிடல் செய்யும் இடத்தில் குரோமே இல்லை என்றால் 30.1-க்கு வேலையே இல்லை, அதைச் சோதனையில் காட்டிவிட வேண்டும்.

முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் ஒரே குவியலில் போட்டால் சதைக்கும் 30.1 ஒட்டிக்கொள்ளும். ஷேவிங் தூளை எரிக்கவும் கூடாது. சூளைக்குச் சொன்ன அதே காரணம், சாம்பலில் ஆறு இணைதிறன் வந்துவிடும். அது மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று ராணிப்பேட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமலை இத்தனை வருஷம் கழித்தும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது.

---

தார்ப்பாய்_லோடு:

வகைப்படுத்தியது தாளில் மட்டும் இருந்தால் லோடு ஏற்றும் அன்று எல்லாம் ஒன்றாகிவிடும். கிடங்கு, வண்டி பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் கேக் மட்டுமே வருஷத்துக்கு 12 டன். சாதாரணமாகக் கழிவை 90 நாள்தான் வைத்திருக்கலாம். வருஷத்துக்கு 10 டன் வரை உள்ள சிறு யூனிட்டுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், அதனால் மூன்று மாதத்துக்குள் ஒரு லோடு போயாக வேண்டும் என்று திட்டமிடுங்கள். கேக்கின் ஈரத்தைக் குறைத்தால் எடையும் குறையும், செலவும் குறையும். கூரை போட்ட இடத்தில் காயவையுங்கள். பிரஸ் அழுத்தம் போதாமல் கேக் சொதசொதவென்று வந்தால் நிலநிரப்புக் களத்தில் எடுக்க மாட்டார்கள். 100 கிராம் கேக்கைப் பெயின்ட் வடிகட்டும் கூம்புச் சல்லடையில் ஐந்து நிமிடம் வைத்து, ஒரு சொட்டு விழுந்தாலும் திரவம் உள்ள கழிவு என்றே கணக்கு. இதை உங்கள் ஷெட்டிலேயே பார்த்துவிடலாம். லோடு, களம் இருக்கும் கும்மிடிப்பூண்டி வரை போய்த் திரும்பி வருவதைவிட அது நல்லது.

கிடங்கில் நான்கு மூலை நான்கு குணம். ஆசிட் ஒரு பக்கம், சயனைடு அதற்கு எதிர்ப்பக்கம், நைட்ரேட் உப்பு தனி, எண்ணெயும் கரைப்பானும் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு தொட்டி மாதிரித் தடுப்பு, வடிகால் இணைக்கக்கூடாது. ஆசிட்டும் சயனைடும் ஒரே சாக்கடைக்குப் போனால் மேலே சுவர் கட்டி என்ன பயன்?

லேபிள் படிவம் 8. பளிச்சென்ற மஞ்சள் பின்னணி, 'அபாயக் கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்பது சிவப்பில், தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். மழையில் அழியாத பொருளில் இருக்க வேண்டும். வெறும் தாளை ஒட்டினால் ஆசிட் ஆவியில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மேனிஃபெஸ்ட், அதாவது கழிவு லோடோடு போகும் சீட்டு, படிவம் 10, ஏழு பிரதி. வெள்ளை உங்களிடமிருந்து வாரியத்துக்கு. மஞ்சள், டிரைவரிடம் கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் வண்டியோடு போகும். ரோஸ் பெறுபவருக்கு, ஆரஞ்சு வண்டிக்காரருக்கு, பச்சை பெறுபவரிடமிருந்து வாரியத்துக்கு. நீலம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். சாம்பல் நிறம் வெளிமாநிலத்துக்குக் கழிவு போனால் மட்டும். நீலப் பிரதி வந்ததா என்று பாருங்கள். உங்கள் எடைக்கும் அங்கே ஏறிய எடைக்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். அங்கீகாரத்தில் 35.3 என்று இருந்து மேனிஃபெஸ்டில் 12.8 (முலாம் உலோகக் கசடு) என்று எழுதினால் லோடு வாசலிலேயே நிற்கும். தினப் பதிவு படிவம் 3, வருடாந்திரக் கணக்கு படிவம் 4, ஜூன் 30-க்குள். இந்த மூன்றிலும் எண்ணும் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

பிக்லிங் ஆசிட்டைக் களத்துக்கு அனுப்பிக் காசை வீணாக்காதீர்கள். இரும்பு நிறைந்த அந்த ஆசிட்டை ஃபெரிக் குளோரைடு செய்ய எடுக்கும் அங்கீகாரம் பெற்ற ஆலைகள் உண்டு. ஜிங்க் கலக்காமல் தனியாக இருந்தால்தான் எடுப்பார்கள். முலாம் சரியில்லாத பாகத்தைப் பிக்லிங் தொட்டியிலேயே முக்கி ஜிங்கை உரிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள், உரிக்கத் தனித் தொட்டி வையுங்கள்.

---

பீளமேடு_பட்டறை:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். படிவத்தைத் திருப்பி வாங்கிட்டேன், பதினைந்து வரியாகப் பிரித்து எழுதறோம். ஒன்று மட்டும் பாக்கி: பழைய ஷெட்டில் எட்டு டிரம் கசடு இருக்கு, லேபிள் இல்லை. இடிபி கேக்கா, பாத் அடிக்கசடா என்று யாருக்கும் தெரியவில்லை. அதுக்கு என்ன எண்?

---

குடுவை_மேசை:

இப்போதைக்கு எண் போடாதீர்கள். ஒவ்வொரு டிரம்முக்கும் அடையாள எழுத்து போடுங்கள். காற்றோட்டமான இடத்தில், சயனைடு இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு திறங்கள். ஆசிட் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஒற்றை ஆளாகத் திறக்கவும் கூடாது. ஒவ்வொரு டிரம்மிலும் மேல், நடு, அடி மூன்று இடத்தில் மாதிரி. எட்டையும் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுக்கவே கூடாது, ஒரு டிரம்மின் விஷம் மற்ற ஏழில் கரைந்து தெரியாமல் போகும்.

முதலில் பிஎச், பிறகு மொத்த சயனைடு, ஆறு இணைதிறன் குரோமியம், ஈயம், ஜிங்க். ஈயமும் ஆறு இணைதிறனும் சேர்ந்து உயரமாக வந்தால் குரோம் பாத்தின் அடிக்கசடு, 12.3. சயனைடும் கார்பனேட்டும் வந்தால் ஜிங்க் பாத், அதுவும் 12.3. ஜிங்க், இரும்பு, சுண்ணாம்பு, சயனைடு மிகக் குறைவு என்றால் இடிபி கேக். இரண்டுக்கும் நடுவில் வந்தால் கடுமையான எண்ணிலேயே வையுங்கள். முடிவை வைத்து வாரியத்துக்குக் கடிதம் கொடுத்து, ஒரே முறை அனுப்பும் அளவு என்று அங்கீகாரத்தில் தனி வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடாந்திர 12 டன்னுக்குள் அதை நுழைக்காதீர்கள்.

---

தார்ப்பாய்_லோடு:

டிரம் அடி துருப்பிடித்திருந்தால் தூக்காதீர்கள். பெரிய டிரம்மை அதன் மேல் கவிழ்த்து, திருப்பி, அதற்குள்ளேயே வைத்து மூடுங்கள். கிளாம்ப் போட்டுத் தூக்கும்போது அடி கழன்றுவிடும்.